மாற்றிய முழங்கால்களோடு மீண்டும் மைதானத்துக்கு

நம்மில் பலருக்கு ஒரு காலத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. பாடசாலை மைதானத்தில் வலைப்பந்து ஆடியவர்கள், இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓடியவர்கள், முற்றத்தில் கயிறு கட்டிப் பட்மின்டன் அடித்தவர்கள் என எத்தனையோ பேர் இருக்கிறோம். பிறகு இடப்பெயர்வு வந்தது. விளையாடிய பாடசாலையே அகதி முகாமாக மாறியது. பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து நடந்தோம். தண்ணீர் அள்ளினோம், விறகு பொறுக்கினோம், கூலி வேலைக்குக் குனிந்தோம். எங்கள் விளையாட்டு எங்கே போனது என்று கேட்பதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இன்று ஐம்பதையும் அறுபதையும் தொட்டு நிற்கும்போது, அந்த நடையெல்லாம் முழங்காலில் வந்து நோவாக நிற்கிறது. காலையில் பாயை விட்டு எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "வயது போனால் இப்படித்தான்" என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறோம். வைத்தியர் சத்திரசிகிச்சை என்றால் பயந்து கிளினிக் பக்கமே போவதில்லை. "இனி எனக்கென்ன ஓட்டமும் ஆட்டமும்" என்று நாமே நமக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பை ஏற்காத ஒரு பெண்ணைப் பற்றியும், முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒருவர் தமக்குப் பிடித்த விளையாட்டுக்கு எப்படித் திரும்பலாம் என்பதைப் பற்றியும் இம்மாதம் பார்ப்போம்.

உண்டியற் காசில் வாங்கிய மட்டை

பில்லி ஜீன் கிங் 1943ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லோங் பீச் நகரில் பிறந்தவர். தந்தை தீயணைப்பு வீரர். பணக்காரக் குடும்பம் அல்ல. பதினொரு வயதில் டென்னிஸ் ஆட ஆசை வந்தபோது, அயல் வீடுகளில் சின்னச் சின்ன வேலைகள் செய்து சேர்த்த ஏறக்குறைய 8 டொலரில் தம் முதலாவது மட்டையை வாங்கினார். பயிற்சி பெற்றது நகரத்தின் பொது மைதானங்களில், இலவசமாக.

அந்நாளில் டென்னிஸ் வசதி படைத்தவர்களின் விளையாட்டு. 1955இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு டென்னிஸ் கழகத்தில் சிறுவர் சிறுமியரைச் சேர்த்துப் புகைப்படம் எடுத்தார்கள். தாய் தைத்துக் கொடுத்த அரைக் காற்சட்டையோடு வந்திருந்த பில்லி ஜீன், பாவாடை அணியவில்லை என்பதற்காகப் படத்திலிருந்து விலக்கப்பட்டார். அந்தச் சிறுமிதான் பின்னர் விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என 20 பட்டங்களை வென்றார்.

ஆட்டத்தைப் போலவே அவர் பெண்களுக்காகக் கேட்ட நியாயமும் பெரியது. 1968இல் விம்பிள்டனில் வென்ற அவருக்குக் கிடைத்த பரிசு 750 பவுண். ஆண்களில் வென்றவருக்கு 2,000 பவுண். ஒரே புற்றரை, ஒரே பந்து, ஒரே வியர்வை. கூலி மட்டும் வேறு. வயலிலும் மேசன் வேலையிலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1970 செப்டெம்பரில் அவரும் இன்னும் எட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுத் தமக்கென்று தனியான சுற்றுப்போட்டியைத் தொடங்கினார்கள். 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கம் அவர் முயற்சியில் உருவானது. அதே ஆண்டில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு வழங்கியது. விம்பிள்டன் அந்த நிலைக்கு வர 2007 வரை ஆனது.

முழங்கால் கேட்ட விலை

இவ்வளவுக்கும் நடுவே அவருடைய முழங்கால்கள் அவரை விட்டுவைக்கவில்லை. 1968இல் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை. 1970 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நோவும் முழங்காலோடு மார்கரட் கோர்ட்டை எதிர்த்து 46 ஆட்டங்கள் ஆடி, 14–12, 11–9 என்று தோற்றார். அதே ஜூலையில் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை. முன்பு சொன்ன ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது அதற்கு இரண்டு மாதங்களின் பின்தான். 1976இல் மறுபடியும் வலது முழங்கால். ஒவ்வொரு தடவையும் "இனி முடிந்தது" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்தார். 1983இல், 39 வயதில், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் ஒற்றையர் பட்டம் வென்று, விம்பிள்டனில் அரையிறுதி வரையும் போனார்.

ஆனால் தேய்ந்த மூட்டு தானாக வளர்வதில்லை. 2010இல், 66 வயதில், அவருடைய இரண்டு முழங்கால்களும் செயற்கை மூட்டுகளாக மாற்றப்பட்டன. அதன் பின் அவர் மட்டையை எடுத்துக்கொண்டு மீண்டும் மைதானத்துக்கு வந்தார். இம்முறை கிண்ணத்துக்காக அல்ல, பந்தை அடிக்கும் மகிழ்ச்சிக்காக. இளமையில் ஆடிய ஆட்டத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. இன்றைய கால்களால் ஆடக்கூடிய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டார்.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

தொடை என்பும் கீழ்க்கால் என்பும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் காவலாக நிற்பது முழங்கால் சிரட்டை. என்புகளின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. இது தேய்ந்தால் என்பும் என்பும் உரசுகின்றன. அதுதான் நோவும், வீக்கமும், காலையில் வரும் இறுக்கமும்.

வயது, உடற்பாரம், பரம்பரை, பழைய காயம் ஆகியவை இதற்குக் காரணங்கள். மூட்டுக்குள் முறிவோ சவ்வுக் கிழிவோ ஏற்பட்டு ஒழுங்கான சிகிச்சை இல்லாமல் விட்டிருந்தால், பல ஆண்டுகளின் பின்னும் தேய்வு வரலாம். ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு நடக்கும் சகோதரிகளுக்கு மற்றக் காலின் முழங்காலில் பாரம் கூடுவதால், அந்தக் கால் கூடுதலாகத் தேயும் அபாயம் உண்டு. இப்படிப்பட்டவர்கள் நோவை அலட்சியம் செய்யக் கூடாது.

எல்லா முழங்கால் நோவுக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, பாரம் குறைத்தல், கைத்தடி, வைத்தியர் தரும் மருந்து ஆகியவற்றால் பலர் நன்மை அடைகிறார்கள். உடற்பாரத்தில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலிலிருந்து சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. இவை எதுவும் பயன் தராமல், இரவில் நித்திரையையும் பகலில் நடையையும் நோவு பறிக்கும்போதுதான் மூட்டு மாற்றுவது பற்றிப் பேசுகிறார்கள்.

சத்திரசிகிச்சையில், தேய்ந்த என்பு முனைகளை மெல்லியதாகச் சீவி எடுத்து, அங்கே உலோகத்தாலான உறையைப் பொருத்துகிறார்கள். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே கடினமான பிளாஸ்டிக் தட்டொன்று கசியிழையத்தின் வேலையைச் செய்கிறது. "காலையே வெட்டி மாற்றுவார்களாம்" என்று சொல்வது தவறான கதை. தசையும் தோலும் நரம்பும் நம்முடையவைதான். 2019இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வொன்றின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 அளவில் 25 ஆண்டுகள் வரை நிலைக்கின்றன.

பாதி வேலை வைத்தியருடையது, மீதி நம்முடையது

சத்திரசிகிச்சை ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் முடிந்துவிடும். மீதி வேலை மாதக்கணக்கானது. அதை நமக்காக வேறொருவர் செய்ய முடியாது.

பொதுவாக அன்றோ மறுநாளோ நடை சட்டகத்தைப் பிடித்து நிற்க வைப்பார்கள். நோகும். ஆனால் படுத்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும், காலில் இரத்தம் கட்டிபடும் அபாயமும் உண்டு. வைத்தியர் சொன்ன நேரத்தில் நோ மருந்தை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்வது பலவீனம் அல்ல. நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. நோ அடங்கினால்தான் கால் மடியும்.

இயன்மருத்துவர் சொல்லித் தரும் எளிய பயிற்சிகள் சில:

பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். இது கீழ்க்காலில் இரத்த ஓட்டத்தைக் காக்கும்.

காலை நீட்டிப் படுத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுதல். பத்துத் தடவை.

குதிக்காலைப் படுக்கையில் உரசியபடி மெதுவாகப் பின்னே இழுத்து முழங்காலை மடித்தல்.

நீட்டிய காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பின் இறக்குதல்.

முதல் இரண்டு கிழமைகளில் கால் நேராக நீளவும், மடிப்பு 90 பாகை அளவுக்கு வரவும் முயல்வார்கள். சுகமாக இருக்கிறதென்று முழங்காலின் கீழே தலையணை வைத்து நித்திரை கொள்ள வேண்டாம். கால் மடிந்த நிலையிலேயே இறுகிவிடும். வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைக்கலாம். நேரே தோலில் வைக்கக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். இதை மனதில் பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆறு கிழமை அளவில் பலர் தடியைக் குறைத்து நடக்கத் தொடங்குவார்கள். மூன்று மாதத்தில் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை கைகூடும். முழுப் பலமும் திரும்ப ஒரு வருடம் வரை ஆகலாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நம்மைவிட முந்தி நடந்தால் மனம் உடைய வேண்டாம். ஒவ்வோர் உடலுக்கும் ஒவ்வொரு கணக்கு.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்: கெண்டைக்காலில் நோவும் வீக்கமும், காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், கூடிக்கொண்டே போகும் சிவப்பும் சூடும். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனடியாகப் போக வேண்டும்.

எந்த விளையாட்டுக்குத் திரும்பலாம்?

இதுதான் பலர் வைத்தியரிடம் கேட்க வெட்கப்படும் கேள்வி. வெட்கப்பட வேண்டாம். "எனக்கு இந்த விளையாட்டு விருப்பம், எப்போது ஆடலாம்?" என்று சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேளுங்கள். வைத்தியரின் திட்டத்துக்கும் அது உதவும்.

செயற்கை மூட்டுக்கு ஆகாதவை மூன்று: பாய்ந்து குதித்தல், வேகமாக ஓடுதல், பாதத்தை ஊன்றியபடி உடலைத் திடீரென்று திருப்புதல். ஆகவே நாம் ஆடிய வேகத்தில் வலைப்பந்து, கரப்பந்து, உதைபந்து ஆகியவை இனிப் பொருந்தா. இதைக் கேட்க மனம் கனக்கும். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

நடை, நீச்சல், சைக்கிள், நடனத்தின் மெதுவான அசைவுகள் ஆகியவற்றைப் பெரும்பாலான வைத்தியர்கள் ஊக்குவிக்கிறார்கள். காயம் முற்றாக ஆறும்வரை குளத்திலோ கடலிலோ இறங்கக் கூடாது. சைக்கிளை முதலில் இடம் பெயராத பயிற்சிச் சைக்கிளில் தொடங்கி, பலம் வந்த பின் வீதிக்குக் கொண்டு வரலாம். இருக்கையைச் சற்று உயர்த்தினால் முழங்கால் குறைவாக மடியும். நடுச்சட்டம் தாழ்ந்த பெண்கள் சைக்கிளே ஏறி இறங்க நல்லது.

டென்னிஸையும் பட்மின்டனையும் விரும்புகிறவர்கள் இருவர் சேர்ந்து ஆடும் இரட்டையர் ஆட்டத்துக்குத் திரும்பலாம். ஓட வேண்டிய இடம் பாதியாகிறது. முதலில் நின்ற இடத்தில் நின்று பந்தைத் தட்டிப் பழக வேண்டும். பிறகு இரண்டு அடி, மூன்று அடி என்று கூட்ட வேண்டும். எட்டாத பந்தை எட்டாத பந்தென்று விட்டுவிடப் பழகுவதுதான் கடினமான பயிற்சி. முன்பு விளையாடிய அனுபவம் உள்ளவர்களுக்குத் திரும்புவது எளிது. கைக்கு ஆட்டம் தெரியும், கண்ணுக்குப் பந்து தெரியும். கால் மட்டுமே புதிதாகப் பழக வேண்டும். வைத்தியரின் அனுமதி கிடைக்கும்வரை, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம், அவசரப்படக் கூடாது.

வலைப்பந்தை விட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் நடந்தபடி ஆடும் வலைப்பந்து பரவியிருக்கிறது. அங்கே ஓட்டமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. பந்தைக் கைமாற்றுவதும் கூடையைக் குறிபார்ப்பதும் அப்படியே இருக்கின்றன. வயதான பெண்களும், நோயிலிருந்து தேறியவர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பந்து, ஒரு கம்பம், மாலையில் ஒரு மணித்தியாலம் போதும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக வலைப்பந்து ஆடி உலக அரங்கில் பெயர் எடுத்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாம். அவர் அடங்கிய அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றது. அந்த விளையாட்டு நம் ஊர் மைதானங்களிலும் இருக்கிறது. நம் வயதுக்கும் காலுக்கும் ஏற்ப அதை மெதுவாக்கிக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

மூட்டு மாற்ற முடியாதவர்கள், கால் இழந்தவர்கள் ஆகியோருக்கு அமர்ந்து ஆடும் கரப்பந்து இருக்கிறது. தரையில் அமர்ந்தபடி, தாழ்ந்த வலைக்கு மேலால் ஆடுவது. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பராலிம்பிக்கிலிருந்து பெண்களும் இதில் போட்டியிடுகிறார்கள். ஆனால் மூட்டு மாற்றியவர்கள் தரையில் இருந்து எழும்பும் ஆட்டத்துக்குப் போகுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

நமக்கென்று சில எச்சரிக்கைகள்

காலிலோ உடம்பின் வேறு பகுதியிலோ ஷெல் துண்டு அல்லது சன்னம் இருந்தால், அது எத்தனை ஆண்டுப் பழையதாக இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்தக் காலில் முன்பு சீழ் பிடித்திருந்தாலும், தகடோ கம்பியோ வைத்திருந்தாலும் சொல்லுங்கள். பழைய கிருமி ஒளிந்திருந்தால் புதிய மூட்டைக் கெடுத்துவிடும். "அது பழைய கதை" என்று மறைத்தால் பாதிப்பு நமக்குத்தான். சில சகோதரிகளுக்கு அந்தக் காயத்தைப் பற்றிப் பேசுவதே பெரும் பாரம். தனியாகப் பேச முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தால் முன்கூட்டியே கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வர வேண்டும். பல்லில் சீழ், தோலில் புண் இருந்தால் அவற்றை முதலில் ஆற்ற வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் அந்த மாதங்களை வீணாக்காமல் தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். பலமான தசையோடு போகிறவர் விரைவாகத் தேறுகிறார்.

வீட்டையும் ஆயத்தம் செய்ய வேண்டும். நிலத்தில் குந்தியிருந்து சமைப்பதும், குந்து மலசலகூடமும் புதிய மூட்டுக்கு ஒத்துவரா. அடுப்பை மேடையில் ஏற்றுங்கள். நிலத்துத் திருவலைக்குப் பதில் மேசையில் பூட்டும் திருவலையைப் பயன்படுத்துங்கள். உறுதியான, கைபிடி உள்ள உயரமான கதிரையும் கொமோட் கதிரையும் ஏற்பாடு செய்யுங்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளவும் விறகு கொண்டுவரவும் சில மாதங்களுக்கு வேறு கை வேண்டும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு இதுதான் பெரிய தடை. "நான் படுத்தால் வீடு எப்படி ஓடும்?" என்ற பயத்திலேயே சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். இதில் மாதர் சங்கங்களுக்கும் அயலவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. விதைப்புக்கும் அறுவடைக்கும் கைமாறாக வேலை செய்து பழகிய ஊர்கள் நம்முடையவை. ஒருத்தி படுக்கையில் இருக்கும் ஆறு கிழமைக்கு, ஆறு வீடுகள் ஆளுக்கொரு கிழமை தண்ணீர் அள்ளிக் கொடுத்தால் அவள் எழும்பி நடப்பாள். நாளை இன்னொருத்தியின் முறை வரும்போது அவளும் வருவாள்.

மகிழ்ச்சிக்கும் நமக்கு உரிமை உண்டு

"நடக்க முடிந்தாலே போதும், விளையாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நடப்பதற்கும் பயிற்சி வேண்டும். வெறும் கடமையாகச் செய்கிற பயிற்சி இரண்டு மாதத்தில் கைவிடப்படுகிறது. விருப்பமான ஒன்றை நோக்கிச் செய்கிற பயிற்சி நிலைக்கிறது. "அடுத்த மாதம் பேத்தியோடு பட்மின்டன் அடிப்பேன்" என்று சொல்லிக் காலைத் தூக்கும்போது பத்துத் தடவை பதினைந்தாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக நம்மைத் தாயாக, விதவையாக, காணாமற்போனவரைத் தேடுபவளாக, நிவாரணப் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே ஊர் கண்டிருக்கிறது. பந்தைக் கையில் எடுக்கும்போது அதற்கெல்லாம் முன்னிருந்த ஒரு பெண் திரும்பி வருகிறாள். அவளுக்கும் இந்த உலகத்தில் ஓர் இடம் வேண்டும்.

பில்லி ஜீன் கிங்கிடம் பணம் இருந்தது, சிறந்த வைத்தியர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் படுக்கையிலிருந்து காலைத் தூக்கிய பத்துத் தடவையும் அவரே தூக்கியவை. அதை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. அந்த ஒன்று நம்மிடமும் இருக்கிறது.

முழங்கால் நோவோடு இதை வாசிக்கும் சகோதரியே, இந்த மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக் எந்த நாளில் நடக்கிறதென்று விசாரித்து, ஒரு துணையோடு போய் வாருங்கள். வைத்தியர் கேட்பவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன பின், நீங்கள் ஒரு காலத்தில் என்ன விளையாடினீர்கள் என்பதையும் சொல்லி, அதற்குத் திரும்ப என்ன வழி என்று கேளுங்கள்.